பற்றிய கையோடு நூரும் ஃபேர்னஸ்: எந்தச் செக்கனில் நிற்கிறது என்று பாருங்கள்

வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபேர்னஸ் பற்றுவதும், சிறிது நேரத்தில் தானாக நிற்பதும், மறுபடி பற்றுவதுமாக இருந்தால், இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலான வேளைகளில் அந்த இயந்திரம் தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது. உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் பாதுகாப்புக் கருவிகளுள் ஏதோவொன்று, இந்த நிலையில் கேஸைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து என்று கண்டு வால்வை மூடுகிறது. எந்தக் கருவி மூடியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முதலில் மீட்டரும் தேவையில்லை, சாவியும் குறடும் தேவையில்லை. தொடங்கியதிலிருந்து எத்தனையாவது செக்கனில் அல்லது நிமிடத்தில் நின்றது, நின்ற வேளையில் எந்த விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்ற இரண்டையும் பொறுமையாகக் கவனித்தாலே காரணம் பெரும்பாலும் கைக்கு எட்டிவிடும்.

திருகோணமலையில் எந்த வீட்டிலும் ஃபேர்னஸ் கிடையாது. மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று கடலிலிருந்து அடிக்கும்போதுகூட இங்கே போர்வையொன்று இருந்தால் போதும். ஆனால் கனடாவில் உறவினர் இல்லாத தெருவும் இந்த ஊரில் அரிது. உப்புவெளி, நிலாவெளிப் பகுதி விடுதிகளில் உள்ள கேஸ் அடுப்புகளையும் நீர்சூடாக்கிகளையும், நகரத்து வெதுப்பகங்களில் உள்ள கேஸ் போறணைகளையும் பழுது பார்ப்பது என் தொழில். மே முதல் செப்டெம்பர் வரை விடுதிகளில் வேலை ஓயாது. மாரி காலத்தில் கை சற்று ஆறும். கனடாவில் ஃபேர்னஸ்கள் இரவு பகலாக ஓடுவதும் அந்தக் காலத்தில்தான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவின் மகள் கைத்தொலைபேசிக் காணொளியில் என்னைக் கூப்பிட்டு ஃபேர்னஸைக் காட்டத் தொடங்கியதும் இப்படியொரு மாரியில்தான். எங்களுக்குக் காலை ஏழரை மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு ஒன்பது மணி. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு அவள் பேஸ்மென்டுக்கு, அதாவது ஃபேர்னஸ் இருக்கும் நிலக்கீழ்த் தளத்துக்கு, இறங்கும் நேரம் அது.

கேஸ் வேறு, இயந்திரம் வேறு என்றாலும், சுடர் இல்லாத இடத்துக்குக் கேஸ் போகக் கூடாது என்ற அடிப்படை எல்லா ஊருக்கும் ஒன்றே. இங்கே சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். அது காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அங்கே வீதிக் குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். அது காற்றைவிட இலேசானது, மேலே எழும். இரண்டுக்கும் மணம் இல்லாததால், கசிவு தெரிவதற்காகவே நாற்றமுள்ள பொருளொன்றைக் கலக்கிறார்கள். 2021 இன் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளில் கேஸ் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்தபோது, கேஸைப் பற்றி ஒருபோதும் கேள்வி கேட்காதவர்கள்கூட என்னிடம் வந்து கேட்டார்கள். அந்தக் கவனம் கேஸ் இருக்கும் எந்த வீட்டிலும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஃபேர்னஸ் பற்றும் ஒழுங்கை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், வீடு குளிர்ந்துவிட்டது என்று கண்டதும் 24 வோல்ட் மின்னிணைப்பு ஒன்றைக் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுக்கிறது. பலகை உடனே கேஸைத் திறப்பதில்லை. முதலில் புகையை இழுத்து வெளியே தள்ளும் சிறிய விசிறியை ஓடவிடுகிறது. அந்த விசிறி உண்மையாகவே காற்றை இழுக்கிறதா என்பதை, மெல்லிய இறப்பர்க் குழாயால் இணைக்கப்பட்ட அழுத்த சுவிச் பார்த்துச் சொல்ல வேண்டும். அது சொன்ன பிறகே பற்றவைப்பான் சிவந்து ஒளிரத் தொடங்குகிறது. போதிய சூடு ஏறும் நேரம் கழிந்ததும் கேஸ் வால்வு "டக்" என்று திறந்து, பர்னர்களில் சுடர் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவுகிறது. பரவிய சில செக்கன்களுக்குள் ஃபிளேம் சென்சர் என்ற மெல்லிய கம்பி, சுடர் இருக்கிறது என்று பலகைக்கு உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் சுடர் தொடரும். சுடரின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பப் பரிமாற்றி ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை சூடேறிய பிறகு, வீட்டுக்குள் சூட்டை அனுப்பும் பெரிய புளோவர் ஓடத் தொடங்கும். அதற்குப் பின்னர் காவலில் இருப்பது லிமிட் சுவிச். உள்ளே வெப்பம் அளவை மீறினால் அது கேஸை நிறுத்திவிடும்.

இந்த ஒழுங்கில் எங்கே அறுந்தது என்பதை நேரம் காட்டும். சிறிய விசிறி ஓடியும் பற்றவைப்பான் ஒளிரவே இல்லையென்றால் பார்க்க வேண்டியது அழுத்த சுவிச்சும் புகைக் குழாயும். சுடர் தோன்றிச் சில செக்கன்களில் நூர்ந்தால், புளோவர் தொடங்கவே இல்லையென்றால், ஃபிளேம் சென்சர். நிமிடக்கணக்கில் நன்றாக எரிந்துவிட்டு, புளோவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுடர் மட்டும் நின்றால் அது லிமிட் சுவிச், அதாவது காற்றோட்டக் குறைவு. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. என்றாலும் தொலைபேசியில் கேட்டு யோசிக்கிற என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

மருமகள் முதலில் கூப்பிட்டபோது சொன்னது, "மாமா, ஃபேர்னஸ் ஓடி ஓடி நிக்குது, ஆனா வீடு சூடாகிறதே இல்லை" என்பதுதான். கைத்தொலைபேசியை ஃபேர்னஸின் சிறு கண்ணாடித் துவாரத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சத்தம் எதையும் தவற விடாமல் இருக்கும்படி சொன்னேன். ஒழுங்கு முழுவதும் குறைவின்றி நடந்தது. நீலச் சுடர் சீராக நின்று எரிந்தது, புளோவரும் தொடங்கியது. சில நிமிடங்கள் கழித்து, தெர்மோஸ்டாட்டில் கேட்ட வெப்பம் இன்னும் எட்டாத நிலையில், சுடர் அணைந்தது. புளோவர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே ஆறியதும் மறுபடி பற்றியது. லிமிட் சுவிச் தன் வேலையைச் செய்கிறது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

ஃபேர்னஸுக்குள் போகும் காற்றின் தூசியைப் பிடிக்கும் பில்டரை இழுத்து எடுக்கச் சொன்னேன். அதை அவள் மின்குமிழுக்கு நேரே பிடித்துக் காட்டியபோது ஒளியின் ஒரு துளிகூட மறுபக்கம் வரவில்லை. சாம்பல் நிறத்தில், விரலால் உரித்தெடுக்கக்கூடிய அளவுக்குத் தடித்த ஒரு படை. அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. நம்மவர்களின் வீடுகளுக்கு இது ஒரு தனிக் காரணம் என்றே நான் நினைக்கிறேன். மேல் மாடியில் ஒரு குடும்பம், பேஸ்மென்டில் வாடகைக்கு இன்னொரு குடும்பம் என இரண்டு குசினிகளில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளிக்கப்படுகின்றன. அந்த எண்ணெய்ப் புகையில் அடுப்பின் மேலுள்ள விசிறி இழுக்காமல் விட்டது, வீட்டின் காற்றோடு சுற்றிவந்து இந்தப் பில்டரில்தான் படிகிறது. ஓர் அங்குலத் தடிப்புள்ள பில்டரை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மாற்ற வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நாள்தோறும் பொரித்துத் தாளிக்கும் வீட்டில் அந்த ஒரு மாதக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் மிக உயர்ந்த இலக்கமுள்ள பில்டரைத் தேடி வாங்குவதும் சில வீடுகளில் இதே தொல்லையைக் கொடுக்கிறது. தூசி பிடிக்கும் திறனைக் காட்டும் மேர்வ் இலக்கம் 13 உள்ள மெல்லிய பில்டர் நுண்ணிய தூசியைப் பிடிப்பது உண்மை. ஆனால் குறுகிய இடத்தில் பொருத்தப்படும்போது அது காற்றுக்கும் தடையாகிறது. எந்த அளவுக்கு அந்த இயந்திரம் தாங்கும் என்பதை அதன் கைநூலில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பில்டரின் விளிம்பில் இருக்கும் அம்புக்குறி, காற்று போகும் திசையில், அதாவது ஃபேர்னஸை நோக்கி இருக்க வேண்டும். மருமகள் வீட்டிலோ, ஆட்கள் புழங்காத அறைகளின் காற்றுத் துவாரங்களையெல்லாம் சிக்கனம் கருதி மூடி வைத்திருந்தார்கள். காற்று திரும்பி வரும் பெரிய துவாரத்தை மறைத்தபடி ஒரு சோபா கிடந்தது. துவாரங்களை மூடுவதால் கேஸ் மிச்சமாவதில்லை. வெளியேற வழியில்லாத சூடு உள்ளே தேங்கி லிமிட் சுவிச்சைத் தூண்டுகிறது. பில்டரை மாற்றி, துவாரங்களைத் திறந்து, சோபாவை நகர்த்திய பிறகு ஃபேர்னஸ் நின்று நிதானமாக ஓடி வீட்டைச் சூடாக்கியது. இவ்வளவும் செய்த பின்னரும் அதே இடத்தில் நிற்குமானால், புளோவரின் சக்கரத்தில் அழுக்கு, அதன் மோட்டாரின் தளர்ச்சி, மேலே இருக்கும் குளிரூட்டிச் சுருளின் அடைப்பு ஆகியவற்றைத் தொழில்நுட்பவியலாளர் பார்க்க வேண்டும்.

பில்டரை மாற்றிய பிறகு ஃபேர்னஸ் முற்றாகவே உயிரிழந்து கிடந்தால் பதற வேண்டாம். கதவுத் தகடு சரியாகப் பொருந்தாவிட்டால் அதன் பின்னால் உள்ள சிறிய பாதுகாப்பு சுவிச் மின்சாரத்தைக் கொடுக்காது. தகட்டை நன்றாக அழுத்தி மாட்டினால் போதும்.

அந்த நாட்களில் அக்கா என்னிடம் கதைத்தபோது, "தம்பி, நான் குசினியில ஓவனைப் பத்த வைச்சு, கதவைத் திறந்து விட்டிட்டுப் பக்கத்தில இருக்கிறன், நல்ல சூடு வருது" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். வயதில் மூத்தவரிடம் குரலை உயர்த்திக் கதைக்கும் பழக்கம் எனக்கு இல்லை, அன்று உயர்த்தினேன். கேஸ் அடுப்பும் கேஸ் ஓவனும் சமைக்க மட்டுமே. குளிருக்கு எல்லாக் கதவுகளையும் யன்னல்களையும் இறுக மூடிய வீட்டில் அவற்றை நெடுநேரம் எரியவிட்டால் காபனோரொட்சைட்டு, அதாவது கார்பன் மோனாக்சைடு, சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, வயிற்றைப் பிரட்டுதல், சோர்வு என்று தொடங்குவதால் தடிமன் காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். ஃபேர்னஸ் நின்ற வீட்டில் முதியவர்களுக்குச் சூடு வேண்டுமென்றால் மின்சார ஹீட்டரைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாக மாட்டி, திரைச்சீலையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போகலாம். ஓவனைத் திறந்து வைப்பது மட்டும் கூடாது.

இதன் பிறகு சில வாரங்கள் கழித்து, வெளியே மிகக் கடுமையான குளிர் பிடித்திருந்தபோது வந்த அழைப்பு வேறு கதை. "மாமா, பத்துது, உடனே நூந்து போகுது. திரும்பப் பத்துது, திரும்ப நூந்து போகுது. இப்ப சும்மா சிவப்பு லைட் மட்டும் மினுங்குது." புகார் முன்னையதைப் போலவே, ஓடி ஓடி நிற்கிறது என்பதுதான். நேரம்தான் வேறு. மறுபடி தொடங்கியபோது தொலைபேசி வழியாக ஒவ்வொரு சத்தமும் தெளிவாகக் கேட்டது. சிறிய விசிறியின் முனகல், பிறகு ஒரு சிறு சொடுக்கு, பற்றவைப்பான் துவாரத்தின் வழியே செம்மஞ்சளாகத் தெரிந்தது, வால்வின் "டக்", சுடர் பரவும் "புஸ்". நான் மெதுவாக எண்ணினேன். ஐந்தைத் தாண்டுவதற்குள் மீண்டும் ஒரு "டக்", சுடர் இல்லை. சிறிய விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புளோவருக்கு முறை வரவே இல்லை.

சுடர் இருக்கிறது, ஆனால் பலகைக்கு அது தெரியவில்லை. இதைப் போன்றதொன்றை நான் போறணைகளில் நாள்தோறும் பார்க்கிறேன். இங்கே பழக்கத்தில் உள்ள கேஸ் போறணைகளிலும் ஓவன்களிலும் சுடருக்குள் தேர்மோகப்பிள் என்ற முனை நிற்கும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் இணையும் அந்த முனை சூடேறும்போது ஏறத்தாழ 25, 30 மில்லிவோல்ட் அளவுக்குச் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. வால்வுக்குள் உள்ள சிறிய காந்தத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். குமிழியை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரிந்து, கையை எடுத்ததும் நூர்ந்தால், முனை தேய்ந்திருக்கிறது அல்லது இணைப்பில் கடல் காற்றின் உப்பு துருவேற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். கடற்கரையோர விடுதிகளில் இந்த வேலை ஓய்வதேயில்லை.

ஃபேர்னஸின் ஃபிளேம் சென்சர் வேலை செய்யும் விதம் வேறு. அது சூட்டை அளப்பதில்லை. பீங்கான் பிடியில் செருகிய ஒரு வெறும் கம்பிதான் அது. அதன் நுனி சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பலகை அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் ஒன்றைக் கொடுக்கிறது. எரியும் சுடரில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால், சுடரே மின்சாரம் கடக்கும் பாதையாகிறது. ஆனால் கம்பியின் பரப்பு மிகச் சிறியது. எதிரே நிலத்தோடு இணைந்திருக்கும் பர்னரின் பரப்பு மிகப் பெரியது. அதனால் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் பாய்ந்து, நேர்திசை மின்னோட்டம் போலப் பலகைக்குத் தெரிகிறது. அளவோ மிகமிகச் சிறிது: ஒரு சில மைக்ரோஅம்பியர், அதாவது ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்கு. வேறு எந்தக் கோளாறும், கம்பி எங்காவது தகட்டில் தொட்டுக்கொண்டிருப்பதும்கூட, இப்படி ஒருதிசை மின்னோட்டத்தைப் போலியாகக் காட்ட முடியாது. இந்தப் பாதுகாப்பு முறையின் சிறப்பு அதுதான். இத்தனை எளிய பொருளை வைத்து இத்தனை உறுதியான காவலை அமைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

அந்த எளிமையே அதன் பலவீனமும் ஆகும். காற்றோடு வரும் தூசியும், வீட்டில் பயன்படுத்தும் தெளிப்பான்கள் சிலவற்றிலுள்ள சிலிக்கோனும் சுடரில் எரிந்து, கம்பியின் மேல் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மெல்லிய படையாகப் படிகின்றன. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போன்றது அது. அந்தப் படை மின்சாரத்தைக் கடத்தாது. மின்னோட்டம் ஒரு மைக்ரோஅம்பியருக்கும் கீழே இறங்கியதும் பலகை, சுடர் இல்லை என்று கருதிக் கேஸை மூடுகிறது. சில முறை முயன்று பார்த்துவிட்டு முற்றாகப் பூட்டிக்கொள்கிறது. பல இயந்திரங்கள் ஒரு மணி நேரம் போல் கழித்துத் தாமாகவே மறுபடி முயல்கின்றன. அதனால்தான் இரவு முழுவதும் விட்டு விட்டு ஓடுவது போலத் தோன்றுகிறது.

பூட்டிக்கொண்ட ஃபேர்னஸை மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டு மறுபடி மறுபடி தொடங்க வைப்பது தவறு. ஒவ்வொரு முயற்சியிலும் சிறிதளவு கேஸ் உள்ளே வருகிறது. அது வெளியேற இயந்திரம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நாம் பறிக்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள அந்தச் சிவப்பு வெளிச்சம் எத்தனை தடவை மினுங்கி இடைவெளி விடுகிறது என்று எண்ண வேண்டும். கதவுத் தகட்டின் உட்புறத்தில் அந்த எண்ணிக்கைகளின் பொருள் அச்சிடப்பட்ட தாள் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும். மருமகளின் ஃபேர்னஸில் அந்த எண்ணிக்கை, சுடர் கண்டறியப்படவில்லை என்ற வரியையே காட்டியது.

அந்தக் கம்பி ஒரேயொரு திருகாணியில் நிற்பது. கழற்றித் துடைப்பது எளிது என்று சொல்பவர்கள் உண்டு. நான் மருமகளுக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் கேஸ் இயந்திரங்களில் வேலை செய்வதற்கு, டி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் தொழில்நுட்பத் தரங்கள் பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு நல்ல ஒழுங்கு. இங்கேயும் அப்படி இருந்தால் நான் மகிழ்வேன். பக்கத்திலேயே இருக்கும் பற்றவைப்பான் தொட்டாலே உடையக்கூடியது; விரலின் எண்ணெய் பட்டால் சூடேறும்போது வெடிப்பு விழலாம். பில்டர், காற்றுத் துவாரம், தெர்மோஸ்டாட்டின் பற்றரி, வெளியே குழாய்வாயிலுள்ள பனி ஆகிய நான்கும் வீட்டுக்காரரின் வேலை. பர்னர் அறைக்குள் இருப்பவை அவருடையவை அல்ல.

அவர்கள் முதலில் அழைத்த நிறுவனத்திலிருந்து வந்தவர், பர்னர் அறைக்குள் நன்றாகப் பார்க்கக்கூட இல்லை. வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு விழுந்திருக்கலாம், புதிய ஃபேர்னஸ் போடுவதுதான் பாதுகாப்பு, மாத வாடகைக்கும் தருவோம் என்று தாள்களை விரித்தார். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு விழுவது நடக்கக்கூடியதே, பாரதூரமானதே. அதனாலேயே அதைச் சொல்பவர் கேமராவால் படம் எடுத்துக் காட்ட வேண்டும், புகையில் காபனோரொட்சைட்டின் அளவைக் காட்ட வேண்டும். உண்மையிலேயே உடனடி ஆபத்து இருந்தால் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளர் அதற்குரிய அட்டையைக் கட்டி இயந்திரத்தை நிறுத்திவிடுவார். கையொப்பம் வாங்கிக்கொண்டு அப்படியே ஓட விட்டுப் போகமாட்டார். கதவைத் தட்டி வந்து ஃபேர்னஸ், நீர்சூடாக்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் மாதத்திலிருந்து தடை செய்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் எழுதுவதற்கென்றே நாம் அழைத்து வருபவர் வீட்டுக்குள் நீட்டும் தாளுக்கு அந்தத் தடை பொருந்தாது. குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் அவசரப்பட்டுக் கையொப்பம் கேட்பவரிடம், நாளைக்குச் சொல்கிறோம் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

இரண்டாவதாக வந்தவர் மருமகள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். ஐந்து செக்கனுக்குள் நூர்கிறது, புளோவர் தொடங்குவதில்லை, வெளிச்சம் இத்தனை தடவை மினுங்குகிறது என்றதும் மைக்ரோஅம்பியர் மீட்டரை எடுத்துக் கம்பியின் வயரோடு தொடராக இணைத்தார். சுடர் எரிந்த அந்தச் சிறு இடைவெளியில் காட்டியது அரை மைக்ரோஅம்பியருக்கும் குறைவு. மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு, கம்பியைக் கழற்றி, கரடுமுரடான அரத்தாளைத் தொடாமல் மென்மையான தேய்ப்புத் துணியால் வெளிர் சாம்பல் படை போகும்வரை தேய்த்தார். பீங்கானில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தார். திரும்பப் பொருத்தியபோது மீட்டர் மூன்றைத் தாண்டியது. அரத்தாள் கம்பியில் கீறல்களை விடும். அந்தக் கீறல்களில் அடுத்த படை இன்னும் விரைவாகப் பிடிக்கும். அவர் துணியை எடுத்ததைக் காணொளியில் பார்த்தபோதே, வேலை தெரிந்தவர் என்று எனக்கு விளங்கிவிட்டது. நிலத்துக்குச் செல்லும் வயரின் இணைப்பையும் அவர் இறுக்கினார். அது தளர்ந்திருந்தால் கம்பி எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் சுடர் தெரியாது.

பனி மூடும் சிக்கலை நான் சுருக்கமாகவே சொல்லலாம். இப்போது கனடாவில் வீடுகளில் போடப்படும் ஃபேர்னஸ்கள் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறன் கொண்டவை. புகையிலுள்ள நீராவியைக்கூடக் குளிர வைத்து அதன் சூட்டை எடுத்துக்கொள்வதால், புகை புகைபோக்கி வழியாக அல்லாமல் பக்கச் சுவரிலுள்ள பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறுகிறது. தண்ணீரும் ஒரு சிறு குழாயால் வடிகிறது. சுவரோரம் பனி குவிந்து அந்தக் குழாய்வாய் மூடினாலோ, வடிகுழாய் அடைத்தாலோ, அழுத்த சுவிச் அனுமதி கொடுக்காது. விசிறி ஓடும், சுடர் வராது. பனியைத் தள்ளும்போது அந்தக் குழாய்களின் பக்கம் குவித்துவிடக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை வெயில் படும் சுவரிலோ குசினிக்குப் பக்கத்திலோ வைத்திருந்தால், அந்த இடம் மட்டும் சூடானதும் வீடு சூடாகிவிட்டதாகக் கருதி அது நிறுத்தும். வீட்டின் அளவுக்கு மிஞ்சிய பெரிய ஃபேர்னஸும் பழுது எதுவும் இல்லாமலேயே அடிக்கடி நின்று நின்று ஓடும். இந்த இரண்டிலும் சுடர் அணைந்த பின் புளோவர் சிறிது நேரம் ஓடி அமைதியாக அடங்கும். வெளிச்சம் எந்தக் குற்றமும் சொல்லாது.

ஒரேயொரு சுவிச் விடயத்தில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். பர்னர்களுக்கு முன்னால், சுடர் வெளியே திரும்பிப் பாய்ந்தால் துண்டிப்பதற்கென்று சிறு பொத்தானோடு கூடிய ரோல்அவுட் சுவிச் இருக்கும். அதைக் கையால் அழுத்தினால் ஃபேர்னஸ் மறுபடி ஓடும் என்று இணையத்தில் காட்டுகிறார்கள். சுடர் ஏன் வெளியே வந்தது என்பதைக் காணாமல் அந்தப் பொத்தானை அழுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். அடைத்த வெப்பப் பரிமாற்றி, அடைத்த புகைவழி ஆகிய இரண்டுமே வீட்டுக்குள் நச்சுக் காற்றைக் கொண்டுவரக்கூடியவை. 2008 டிசெம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில், அடைபட்ட புகைவழியால் நால்வர் கொண்ட ஒரு குடும்பமே காபனோரொட்சைட்டுக்குப் பலியானது. அந்தத் துயரத்தின் பின்னர் 2013 இல் நிறைவேறி 2014 இல் நடைமுறைக்கு வந்த ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டத்தின்படி, எரிபொருளால் இயங்கும் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். மருமகள் வீட்டில் மேல் மாடியில் ஒன்று இருந்தது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களின் அறைப் பக்கம் இருக்கவில்லை. அன்றே வாங்கி மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். அந்தக் கருவி கத்தினாலோ, கேஸ் நாறினாலோ, ஃபேர்னஸுக்கு அருகில் போகாமல், மின் சுவிச் எதையும் தொடாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, வெளியே நின்றபடி அவசர இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

தொழில்நுட்பவியலாளரை அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை சில. எத்தனை செக்கனில் அல்லது நிமிடத்தில் நிற்கிறது, நிற்கும்போது சிறிய விசிறி ஓடுகிறதா, புளோவர் ஓடுகிறதா, வெளிச்சம் எத்தனை தடவை மினுங்குகிறது, பில்டரை எப்போது மாற்றினீர்கள், கதவுத் தகட்டின் உட்புறத் தகட்டிலுள்ள மொடல் இலக்கமும் தொடர் இலக்கமும் என்ன என்பவை. கூடவே, ஒரு முழுச் சுற்றைச் சத்தத்தோடு காணொளியாக எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஆள் வந்து நிற்கும் வேளையில் இயந்திரம் ஒழுங்காக ஓடுவதும் உண்டு. மருமகள் இப்போது பில்டர் மாற்றும் திகதியைப் பில்டரின் விளிம்பிலேயே பேனையால் எழுதுகிறாள். ஆண்டுச் சேவையைச் செப்டெம்பருக்கு மாற்றிவிட்டோம். குளிர் தொடங்கிய பிறகு அழைத்தால் நல்ல தொழில்நுட்பவியலாளர் கிடைக்க நாட்கள் ஆகும்.